டாக்டரிடம் சொல்லாத விரதம்

2014 ஐப்பசியில் எனக்கு பைபாஸ் நடந்தது. தீபாவளி முடிந்து ஐந்தாம் நாள். கும்பகோணத்தில் இருக்கும் என் அக்கா அந்த வருஷம் கந்த சஷ்டி விரதத்தை எனக்காக வேண்டிக்கொண்டு இருந்தாள். ஆறு நாளும் ஒரு வேளை பாலும் பழமும்தான். அது அவளுக்குப் புதிதல்ல, கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற விரதம். புதிதாக வந்திருந்தது சர்க்கரை மட்டும்.

காலை மாத்திரையை அவள் நிறுத்தவில்லை. “மாத்திரையை விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே” என்று, வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு சுவாமிமலைக்குப் போயிருக்கிறாள். கிளிமிபிரைடு வகை மாத்திரை. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது. கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளியே தள்ளிவிடும். ஐந்தாம் நாள் காலை, அறுபது படியில் பாதிகூட ஏறவில்லை, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டி விழுந்துவிட்டாள். யாரோ ஒரு புண்ணியவதி வாயில் சர்க்கரையைப் போட்டதால் உயிர் தப்பியது. இடுப்பெலும்பு தப்பவில்லை.

அப்போது நான் ஐ.சி.யு.வில். எனக்கு விஷயம் தெரிந்தது வீட்டுக்கு வந்த பிறகு. இன்றைக்கும் அக்கா வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் நெஞ்சில் இருக்கும் தையல் ஞாபகம் வரும்.

“விரதம்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா?” என்று கேட்டேன். “அவர்கிட்ட எதுக்குடா சாமி விஷயம்? திட்டுவார்” என்றாள்.

இந்த ஒரு வரியைத்தான் பத்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் குடிப்பழக்கம் உண்டா, புகை உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததா என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். விரதம் இருப்பீர்களா, ஏதாவது வேண்டுதல் உண்டா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. பிரார்த்தனை நம் சொந்த விஷயம் என்று அவர்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறார்கள், நாமும் மறைக்கிறோம். ஆனால் வேண்டுதல் என்பது நம் ஊரில் மனதோடு நிற்கிற சமாச்சாரமா? அது வயிற்றைத் தொடுகிறது, தூக்கத்தைத் தொடுகிறது, மாத்திரை டப்பாவைத் தொடுகிறது. அப்படியானால் அது வைத்தியத்தின் பகுதிதான்.

பிரார்த்தனையால் நோய் குணமாகுமா என்று அமெரிக்காவில் பெரிய ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். ஆறு ஆஸ்பத்திரிகள், 1802 பைபாஸ் நோயாளிகள். முடிவு 2006இல் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் பெயரை வைத்து ஜெபித்ததால் ஒரு பலனும் தெரியவில்லை. உங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. ஜெபம் உண்டோ இல்லையோ தெரியாமல் இருந்து, ஜெபிக்கப்பட்டவர்களுக்கு 52 சதவீதம். அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் எங்கள் தெரு முழுக்க எனக்காக அர்ச்சனை செய்கிறது என்று கேள்விப்பட்டபோது, “அவ்வளவு மோசமாகவா இருக்கிறது?” என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இதைப் படித்துவிட்டு என் மகன், “பாத்தீங்களாப்பா, சாமியெல்லாம் சும்மா” என்றான். அவன் சொல்வது போல நான் நினைக்கவில்லை. அந்த ஆராய்ச்சி அளந்தது முகம் தெரியாதவரின் ஜெபத்தை. தியேட்டருக்குள் போகும் முன் கையில் இருந்த காப்புக் கயிற்றை வெட்டவேண்டியிருந்தது. அந்த நர்ஸ், கேரளத்துப் பெண், அதைக் குப்பையில் போடாமல் ஒரு காகிதத்தில் மடித்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, தானும் சிலுவை போட்டுக்கொண்டு, “ஒண்ணும் ஆகாதுப்பா” என்றது. அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு உடம்பு நின்றது. அடைப்பு அதனால் கரையவில்லைதான். அடைப்பைக் கவனிக்க சர்ஜன் இருந்தார். பயத்தைக் கவனிக்க வேறு யார் இருந்தார்கள்?

நான் கேட்பது புதிய விஷயமும் இல்லை. ரம்ஜான் நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே சர்க்கரை நோயாளிகள் டாக்டரைப் பார்க்கவேண்டும், யார் நோன்பு வைக்கலாம், யாருக்கு ஆபத்து, மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2016லேயே வழிமுறை வெளியிட்டிருக்கிறது. சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் தவக்கால உபவாசத்துக்கும் நம் டாக்டர்கள் அதேபோல் கேட்டால் என்ன? ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டது நம் வயதுக்காரர்களுக்கு மறக்காது. பல வருஷம் கழித்து அங்கே அரசாங்கம் செய்த நல்ல காரியம், தர்காவுக்கு வருகிறவர்களை விரட்டாமல் அங்கேயே மனநல மருத்துவரையும் உட்காரவைத்தது. ‘தவா-துவா’ என்று பெயர். மருந்தும் பிரார்த்தனையும்.

உறவுக்காரர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அக்கா விழுந்த பிறகு ஒரு அம்மாள் வந்து, விரதத்தில் ஏதோ குறை வைத்திருப்பாய், அதனால்தான் என்றார். படுத்துக்கிடக்கிற மனுஷியிடம் சொல்கிற பேச்சா அது? அக்கா இரண்டு நாள் அழுதாள். எலும்பு முறிந்ததற்குக்கூட அவள் அழவில்லை.

போன ஐப்பசியில் நானே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்னப் பையன், புதிதாக வந்திருப்பவர். சஷ்டி வருகிறது என்று நான்தான் ஆரம்பித்தேன். அவர் திட்டவில்லை. எந்தக் கோயில், என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். இந்த வயதில் முழுப் பட்டினி கூடாது என்று சொல்லி, பாலும் பழமும் மூன்று வேளையாகப் பிரித்து, அந்த ஆறு நாளுக்குக் காலை மாத்திரையை மாற்றி எழுதிக்கொடுத்தார். தலை சுற்றினால் உடனே சர்க்கரை வாயில் போடவேண்டும், அதனால் விரதம் கெடாது என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா, “இந்தத் தம்பிக்கு எந்த ஊராம்?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். “விசாரிச்சு வை, அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் வேணும்” என்றாள்.