மலடி என்னும் பழி

திருமணமாகி மூன்றாண்டு ஓடிவிட்டால் போதும், "விசேஷம் உண்டா?" என்று கேட்ட வாய்களே "மலடி" என்று ஏசத் தொடங்கும். கோயில் மரத்தில் தொட்டில் கட்டியும் பயனில்லை என்றால், பழி முழுவதும் பெண்ணின் தலையில்! ஆனால் அந்தத் தலைக்குள், பட்டாணி அளவுள்ள ஒரு சுரப்பியில் காரணம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மூளையின் அடியில் இருப்பது பிட்யூட்டரி சுரப்பி. தாய்ப்பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் அங்கேதான் உற்பத்தியாகிறது. இது மனிதரிடம் தனியொரு ஹார்மோன் என்பதே 1970-களின் தொடக்கத்தில்தான் தெளிவாயிற்று. அச்சுரப்பியில் 10 மில்லிமீட்டருக்கும் குறைந்த சிறு கட்டி தோன்றிப் புரோலாக்டினை மிகுதியாகச் சுரந்தால் மாதவிலக்கு தவறும். பிள்ளை பெறாதவருக்கும் மார்பில் பால் கசியலாம். கரு உண்டாவது தடைப்படும்.

கட்டி என்றதும் புற்றுநோயென நடுங்க வேண்டாம். இது அத்தகையதன்று. பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையும் தேவையில்லை. புரோமோகிரிப்டின், கேபர்கோலின் போன்ற மாத்திரைகளே சுரப்பைக் குறைத்துத் தாய்மைக்கு வழி திறக்கின்றன.

கருவுற்றபின் கட்டி வளர்ந்து கண் போய்விடும் என்று அச்சுறுத்துவோர் உண்டு. உண்மை என்ன? சிறு கட்டி உடையவர்களில் அது தொல்லை தருமளவு வளர்வது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கே. கரு உறுதியானதும் மருத்துவர் பொதுவாக மாத்திரையை நிறுத்திவிடுவார். விடாத தலைவலியோ பார்வைக் குறைவோ கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

ஆயினும், புரோலாக்டின் கூடினாலே கட்டிதான் என்பதில்லை. தைராய்டு குறைவாலும், வாந்திக்கும் மனநோய்க்கும் தரும் சில மருந்துகளாலும் அது கூடும். ஆகவே, தாமே முடிவு கட்டாமல் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை. கணவனுக்கும் பரிசோதனை வேண்டும்; குறை அவனிடமும் இருக்கலாமன்றோ?

சென்னை எழும்பூரில் 1844-இல் தோன்றிய அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. குறைவது துணிவுதான். நம் குத்தம்பாக்கம், 1996-இல் ஊராட்சித் தலைவரான இளங்கோவின் காலத்தில் கள்ளச்சாராயத்தையும் சாதிப் பிரிவினையையும் எதிர்த்து நின்ற ஊர். அந்த ஊரில் மாதவிலக்கைப் பற்றி மருத்துவரிடம் பேச ஒரு பெண் கூசலாமா?

மாணவ நண்பர்களே! மூன்று மாதம் விலக்கு நின்றால் சோதிடரிடம் அன்று, மருத்துவரிடம் செல்லுங்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். "மலடி" என்ற சொல் நம் தலைமுறையோடு ஒழியட்டும்!