பரீட்சைக்கு ஆதாரம் எது?

சேனையில் ஒரு வீரனுக்கு மேற்பதவி கொடுப்பதா, மறுப்பதா என்பதை எதைக் கொண்டு நிர்ணயிப்பது? மேலதிகாரியின் தயவைக் கொண்டா, புத்தகத்தை நெட்டுருப் போட்ட சாமர்த்தியத்தைக் கொண்டா, அன்றி அவன் அன்றாடம் செய்துவரும் வேலையில் அவனுக்குள்ள அறிவைக் கொண்டா? இக்கேள்வி அற்பமானதன்று. பதவியோடு ஒருவனுடைய சம்பளமும், குடும்பத்தின் ஜீவனமும், சுயமரியாதையும் பிணைந்து கிடக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் ஆகாயப்படை இதற்குக் கண்ட விடை, பரீட்சைகள் மலிந்த நம் தேசத்தார் ஊன்றிக் கவனிக்கத் தக்கது.

1960-களில் அப்படையின் சாமானிய வீரர்களிடையே அதிருப்தி மிகுந்திருந்தது. மேற்பதவி கிடைக்காதவன், அது தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அறிய வழியில்லை. முறையீடுகள் அமெரிக்கக் காங்கிரஸ் வரை எட்டின. 1970-இல் புதிய ஏற்பாடு அமலுக்கு வந்தது. பின்னர் பல ஆண்டுகள் வழக்கிலிருந்த கணக்கின்படி மொத்தம் 460 புள்ளிகள். மேலதிகாரிகளின் மதிப்பீட்டுக்கு 135, பொதுப் பரீட்சைக்கு 100, தொழிலறிவுப் பரீட்சைக்கு 100. எஞ்சியவை சேவைக் காலத்துக்கும் விருதுகளுக்கும் உரியவை. ஒவ்வொருவனுக்கும் அவன் பெற்ற புள்ளிகள் தெரிவிக்கப்பட்டன. இருட்டறையில் நடந்த காரியம் வெளிச்சத்துக்கு வந்தது.

எனினும், புள்ளிகளைப் பகிரங்கமாக்கியது மட்டும் போதுமா? தொழிலறிவுப் பரீட்சையின் கேள்விகளே வேலைக்குச் சம்பந்தமற்றவையாயின், அநியாயம் எண்களின் வேஷத்தில் திரும்பவும் வந்து புகும். இங்கேதான் அமெரிக்கர் செய்த நல்ல காரியம் தெரிகிறது. டெக்ஸாஸ் ராஜ்யத்திலுள்ள லாக்லாண்ட் தளத்தில் ரேமண்ட் கிறிஸ்டல் என்னும் மனோதத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் ஒரு முறையை வகுத்தனர். ஒரு தொழிற்பிரிவில் செய்யப்படும் வேலைகளை நூற்றுக்கணக்கில் ஒவ்வொன்றாக ஜாபிதா எழுதினர். 'இயந்திரத்தைப் பழுது பார்த்தல்' என்று மொத்தமாக எழுதுவதில்லை. எண்ணெய்க் குழாயை மாற்றுவது ஒரு வேலை, கசிவைச் சோதிப்பது மற்றொன்று, பதிவேட்டில் குறிப்பது இன்னொன்று. ஜாபிதா அத்தொழிலிலுள்ள வீரர்களிடமே சென்றது. தான் செய்யும் வேலைகள் எவை, அவற்றில் எதற்கு அதிக நேரம் செல்கிறது, எதற்குக் குறைந்த நேரம் என்று அவரவர் எண்ணிட்டு அனுப்பினர். அனுபவம் முதிர்ந்த மேற்பார்வையாளர், எந்த வேலை கடினமானது, எதற்குப் பயிற்சி இன்றியமையாதது என்று மதிப்பிட்டனர். 'கோடாப்' என்னும் கம்ப்யூட்டர் ஏற்பாடு இவ்விடைகளையெல்லாம் தொகுத்து, நூற்றுக்கு எத்தனை பேர் எவ்வேலையைச் செய்கின்றனர் என்று காட்டியது.

பிறகு அத்தொழிலின் மூத்த சார்ஜண்டுகள் ராண்டால்ஃப் தளத்தில் கூடி, இக்கணக்கை எதிரில் வைத்துக்கொண்டு, எந்தப் பகுதிக்கு எத்தனை கேள்வி என்று பங்கிட்டு எழுதினர். கைநூலில் ஓர் அத்தியாயம் நீண்டிருக்கிறதென்பதற்காக அதிலிருந்து கேள்விகளை அள்ளிக் கொட்டுவதும், ஒரு சிலரே செய்யும் வேலையைக் கேட்டு எல்லோரையும் மடக்குவதும் இம்முறையில் எளிதல்ல.

நியாயஸ்தலமும் இதே வழியில் சென்றது. வட கரோலினாவில் ட்யூக் மின்சாரக் கம்பெனியார், தொழிலில் பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டம் 1965-இல் அமலுக்கு வந்த அன்றே, நல்ல பதவிகளுக்குப் புதிதாகப் பரீட்சைகளை விதித்தனர். அவற்றால் வழியடைபட்டவர்கள் பெரும்பாலும் நீக்ரோத் தொழிலாளர். அப்பரீட்சைகளை எழுதாமலே முன்பு பதவி பெற்றவர்களோ வேலையைக் குறைவின்றிச் செய்து வந்தனர். 1971-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒருமனதாகத் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. பரீட்சை வேலைக்குத் தக்கபடி ஆளை அளக்க வேண்டுமேயன்றி, ஆளைப் பொதுவில் அளக்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அது பட்டாளத்தைப் பற்றிய வழக்கன்று; ஆயினும் தர்மம் ஒன்றே.

இம்முறையில் குறையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. எண்ணிக்கை கண் போன்றது, புத்தியாகாது. விமானியை ஆபத்தில் வெளியே எறிந்து காக்கும் ஆசனம் பல்லாண்டு இயங்காமலே இருக்கலாம். இயங்கவேண்டிய ஒரு கணத்தில் தவறினால் உயிர் போய்விடும். நேரக் கணக்கு மட்டும் இதை உணர்த்தாது. ஆகவேதான் மூத்தோரின் மதிப்பீடு வேண்டியிருக்கிறது. யந்திரம் மாறினால் பழைய ஜாபிதா பொய்யாகும். காகிதத்தில் சரியாக எழுதுகிறவன் கை தடுமாறலாம். 1980-களில் அமெரிக்கத் தரைப்படையே வீரர்களுக்கு எழுத்துப் பரீட்சையோடு செய்கைப் பரீட்சையும் வைத்துப் பார்த்தது.

ஆயினும், எண்ணிப் பாராமல் தீர்ப்புச் சொன்னால் என்ன விளையும் என்பதை நம்மவரைப்போல் அறிந்தவர் யார்? 1880-களில் சென்னைப் படையின் சேனாதிபதியாயிருந்து, பின்னர் இந்தியா முழுமைக்கும் சேனாதிபதியான ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டாரிடம் யுத்த குணம் குன்றிவிட்டதென்று முடிவு கட்டினார். பிறப்பே யோக்கியதா பத்திரமாயிற்று. சென்னைப் பட்டாளங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. இரண்டாவது உலக யுத்தத்தில் ஆள் வேண்டியிருந்தபோது அதே மாகாணத்தில் பெருந்தொகையாய் ஆள் சேர்த்தனர். சொல்லிவந்த குணக்குறைவு அப்போது எங்கே போயிற்று?

இன்று நம்மை ஆள்வோர் நாமே. ஆகவே, சேனையிலாயினும் சர்க்கார் உத்தியோகத்திலாயினும், பரீட்சை வகுப்போரை நாம் கேட்பது இது: வேலை செய்கிறவனை முதலில் கேளுங்கள், அவன் செய்வதை எண்ணுங்கள், பிறகு கேள்வி எழுதுங்கள். எந்தக் கேள்வி எந்தக் கடமையிலிருந்து பிறந்தது என்று சொல்ல இயலாத பரீட்சை, பரீட்சையன்று, கதவடைக்கும் தாழ்ப்பாளே. அதை அகற்றும்படி கோருவது சலுகை கேட்பதாகாது. பிரஜைகளின் உரிமையைக் கேட்பதேயாகும்.