கோல்ட் ரிவால்வர்: குழல் எவ்வளவு நீளம்?

கௌபாய் படங்களில் நாயகன் இடுப்பில் தொங்குவது பெரும்பாலும் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. 1873-ல் அமெரிக்க ராணுவம் ஏற்ற ரிவால்வர். ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். வழக்கமான குழல் நீளங்கள் மூன்று: 7½, 5½, 4¾ அங்குலம். எதை வாங்குவது?

'குழல் நீண்டால் அடி பலமாக விழும்' என்பார்கள். குண்டின் வேகம் சற்றுக் கூடும், அவ்வளவுதான்! உண்மையான லாபம் குறி பார்ப்பதில். குழல் முனையிலுள்ள குறிமுள்ளுக்கும் பின்னாலுள்ள பள்ளத்துக்கும் இடைவெளி கூடினால், கண் செய்யும் பிழை குறையும். ஆனால் 7½ அங்குலத்தை உறையிலிருந்து உருவ நேரமாகும், உட்கார்ந்தால் இடிக்கும்.

4¾-ல் குழல், வெற்றுத் தோட்டாவைத் தள்ளும் கம்பியின் உறையோடு முடிந்துவிடும். உருவ எளிது, பார்க்க அழகு. குறி பார்க்கத்தான் இடைவெளி போதாது.

ஒன்றே ஒன்று வாங்குபவருக்கு 5½-தான் சரி. 1895 முதல் ராணுவமே தன் பழைய 7½ அங்குலக் குழல்களை 5½ ஆக வெட்டியது. 'ஆர்ட்டிலரி மாடல்' என்று பின்னாளில் பெயர் பெற்றவை அவையே. இருபது வருடம் சுமந்து பார்த்தவர்களின் தீர்ப்பை விடவா சினிமா நாயகனின் இடுப்பு பெரிது?