நெய்வேலி துண்டு மட்டும் என்ன பாவம் செய்தது?

விக்கிரவாண்டியில் இருந்து பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாக தஞ்சாவூர் போகும் ரோட்டை நாலு வழிச்சாலை ஆக்கும் வேலை 2018-ம் ஆண்டு தொடங்கியது. மொத்தம் சுமார் 165 கிலோ மீட்டர். மூன்று துண்டாகப் பிரித்து வேலையைக் கொடுத்தார்கள்.

தெற்கே வேலை நடந்தது. சேத்தியாத்தோப்பு-சோழபுரம் இடையே 50 கிலோ மீட்டர் ரோட்டை 2025 ஜூலையில் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். செலவு 2,350 கோடி ரூபாய்க்கு மேல். கொள்ளிடத்தில் ஒரு கிலோ மீட்டர் நீளத்துக்குப் புதுப்பாலம். முக்கால் மணி நேரம் மிச்சம் என்று அறிவித்தார்கள்.

சந்தோஷம்தான். ஆனால் அன்றைய தேதியில் வடக்கே விக்கிரவாண்டி-சேத்தியாத்தோப்பு துண்டு முடியாமலே கிடந்தது. நெய்வேலி இருப்பது இந்தத் துண்டில்தான்! ஒரே நாளில் தொடங்கிய பேச்சு. தெற்கே பாலம் எழும்பிவிட்டது. வடக்கே ஏன் எழும்பவில்லை? பஸ்சில் போகிறவன் தெற்கே மிச்சம் பிடித்ததை வடக்கே தொலைப்பதா?

நிலம் கொடுத்த ஜனங்களையும் நினைக்க வேண்டும். பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது 1956-ல். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வந்ததும் அதே 1956-ல். முதலில் சுரங்கத்துக்குக் காணியைக் கொடுத்த பூமி இது. இப்போது ரோட்டுக்கும் கொடுக்கிறது.

2023 ஜூலையில் வளையமாதேவியில் என்ன நடந்தது? வயலில் நின்ற நெற்பயிரை பொக்லைன் வைத்து அழித்து கால்வாய் தோண்டினார்கள். "இது பல வருஷத்துக்கு முன்பே எடுத்த நிலம்" என்று நிறுவனம் காரணம் சொன்னது. எடுத்த நிலத்தை வருஷக்கணக்கில் சும்மா போட்டால் இப்படித்தான் வந்து முடியும். ரோட்டு வேலைக்கும் அதே பாடம்தான். நிலத்தை எடுத்தால் பணத்தைக் கையில் கொடு. வேலையை உடனே முடி.

இன்னொரு சங்கதி. நெய்வேலி மூன்று ஷிப்டு ஓடும் ஊர். நடுராத்திரியிலும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ரோட்டைக் கடக்கும். நாலு வழி என்றால் வண்டி பறக்கும். நடுவே தடுப்புச் சுவர் வரும். குறுக்கே போக வழி இல்லை என்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? சுவர் ஏறிக் குதிப்பார்கள். இல்லாவிட்டால் எதிர்த்திசையில் வண்டியை விடுவார்கள். இரண்டிலும் உயிர்தான் போகும்.

ஆகவே ஊர் வரும் இடத்தில் எல்லாம் சுரங்கப்பாதை வேண்டும். அதில் மழைத் தண்ணீர் தேங்கக்கூடாது. சர்வீஸ் ரோடு வேண்டும். விளக்கு எரிய வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் எச்சரிக்கை போர்டும் சிவப்பு விளக்கும் இல்லாமல் ஒரு குழிகூட வெட்டக்கூடாது. இதெல்லாம் ரோடு போட்ட பிறகு வைக்கிற அலங்காரம் அல்ல. ரோட்டோடு சேர்ந்த வேலை.

எந்த மாதம் எந்த இடம் முடியும் என்று தேதி போட்டு ஆர்ச் கேட்டில் ஒரு போர்டு வைக்கட்டும். அப்படியே நெடுஞ்சாலை அதிகாரிகள் ஒருநாள் ராத்திரி ஷிப்டு விடும் நேரத்தில் அங்கே வந்து, ரோட்டை ஒருமுறை நடந்து கடந்து பார்க்கட்டும்!