அழுக்குக்கு என்ன விலை?

மீன் கொடி பறந்த ஊர். மீன் விழி கொண்டவள் ஆட்சி செய்யும் ஊர். அப்பேர்ப்பட்ட மதுரையில் பிறந்துவிட்டு பத்து கப்பி மீன்களை ஒரு வாரம் உயிரோடு வைத்திருக்கத் தெரியவில்லை என்றால், அவனை என்ன செய்யலாம்? சொல்லுங்கள். அடியேன்தான் அது.

அக்கா மகள் யூ.கே.ஜி. படிக்கிறாள். 'மாமா, எனக்கு மீனு' என்றாள். சம்பளம் வந்த மூன்றாம் தேதி. வீரம் பொங்கும் நாள். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆபீஸிலிருந்து வரும் வழியில், டவுன்ஹால் ரோடு தாண்டி ஒரு சந்துக்குள் மீன் கடை இருக்கிறது. பத்துக்குப் பத்து இடம். சுவரே தெரியாமல் கண்ணாடித் தொட்டிகள். குட்டிக் குட்டியாய்க் கொப்பளிக்கும் காற்றுக் குமிழிகளுக்கு நடுவே கடைக்கார அண்ணன்.

"கப்பி என்னண்ணே விலை?"

"ஜோடி நூத்தியிருவது தம்பி."

நான் லேசாகச் சிரித்துக்கொண்டு செல்போனை எடுத்தேன். அதில் 'ஜோடி 60 மட்டுமே' என்று ஒரு பையன் கூவிக்கொண்டிருந்தான். கடையிலேயே நின்றுகொண்டு, அவருடைய ஃபேன் காற்றிலேயே ஆர்டர் போட்டேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

கணக்கைக் கேளுங்கள். அஞ்சு ஜோடி 300 ரூபாய். தெர்மாகோல் பெட்டி, பஸ் பார்சல் சேர்த்து 250. ஆக 550. கடையில் வாங்கினால் 600. லாபம் 50. அதை அள்ளிக்கொண்டு வர விடியற்காலை மாட்டுத்தாவணிக்குப் போய் வந்த ஆட்டோ 200. எம்.காம். படித்தவன் சார் நான்.

அஞ்சு மணிக்கு வரவேண்டிய பஸ் எட்டு மணிக்கு வந்தது. பெட்டியைப் பிரித்தால், பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்ஸிஜன். பத்தும் உயிரோடு! அக்கா மகள் பத்துக்கும் பேர் வைத்துவிட்டாள். ஒன்றுக்கு என் பேர்.

'மெதுவாகப் பழக்க வேண்டும்' என்று எங்கோ படித்திருந்தேன். பையின் வாயை அவிழ்த்து, ஒரு மணி நேரம் ஸ்பூன் ஸ்பூனாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பக்குவத்தில்! பிறகு அன்று காலையில்தான் நிரப்பிய புதுத் தொட்டியில் விட்டேன்.

சாயங்காலம் நாலு மிதந்தது. என் பேர் வைத்ததும் அதில் ஒன்று.

"மாமா, இது ஏன் எந்திரிக்கல?"

மேனேஜர் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் அப்படி முழித்ததில்லை.

வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு அண்ணன் கடைக்கே போனேன். மருந்து வேண்டும் என்றேன்.

"எந்த ஊர்லருந்து வந்துச்சு?" என்றார். கடையில் வாங்கவில்லை என்று எப்படித்தான் தெரிந்ததோ! சென்னை கொளத்தூர் என்றேன். இந்தியாவில் வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம் அது. வீட்டுக்கு வீடு சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறவர்கள் அங்கே ஏராளம்.

"பையைத் திறந்துட்டு எம்புட்டு நேரம் வச்சிருந்தீங்க?"

"ஒரு மணி நேரம்ணே."

"அதேன். ராத்திரி பூராம் பைக்குள்ள மீன் விட்ட மூச்சுல தண்ணி புளிப்பேறிக் கெடக்கும். அது புளிப்பா இருக்கிறவரைக்கும், கழிவுல வர்ற அமோனியா அடங்கிக் கெடக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளிய போயிரும். புளிப்பு எறங்குனதும் அமோனியா முழிச்சுக்கிரும். கட்டுன பையை அப்படியே தொட்டியில கால் மணி நேரம் மிதக்கவிட்டு, அவுத்ததும் மீனை மட்டும் வலையில அள்ளி விட்டிருக்கணும். அதுக்கு மேல குழாய்த் தண்ணில குளோரின். ஒருநாளு வெளிய பிடிச்சு வச்சிருக்கலாம்ல?"

பதினேழு வருஷப் படிப்பில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகக் கெமிஸ்ட்ரி நடத்தியதில்லை.

"ஆன்லைன்காரங்களால உங்களுக்கு நஷ்டம்தானேண்ணே?" என்றேன், குற்ற உணர்ச்சியில்.

சிரித்தார். மூலையில் இருந்த தெர்மாகோல் பெட்டியைக் காட்டினார். "இதுவும் ஒங்க பஸ்லதேன் வந்துச்சு. ஒரே மொத்த வியாபாரிதான் தம்பி. ரெண்டு மீன் கேட்டா அவரு போனையே எடுக்கமாட்டாரு. நூறு, எரநூறுன்னாத்தேன் பேச்சு. அந்தப் பையன் பாவம், தொட்டியே கெடையாது. ஒங்கள மாதிரி பத்துப் பேருகிட்ட ஆர்டர் பிடிச்சு, அங்க போயி அள்ளிப் பேக் பண்ணி அனுப்புறான். நானு நூறா வாங்கி, பத்து நாளு தொட்டியில போட்டு, செத்தது போக மிச்சத்தை விக்கிறேன். கரெண்டு பில், வாடகை எல்லாம் அந்த அறுவது ரூவாக்குள்ளதேன். எங்கிட்ட இருக்கிறப்ப செத்தா என் கணக்கு. ஒங்க வீட்டுல செத்தா ஒங்க கணக்கு. அம்புட்டுத்தேன் வித்தியாசம்."

"அப்ப சண்டை இல்லையா?"

"எதுக்குச் சண்டை? எங்கிட்ட இல்லாத ரகத்தை யாராச்சும் கேட்டா, நானே அவன்கிட்ட சொல்லி எடுத்துக் குடுப்பேன். 2017-ல மத்திய அரசு மீன் கடைக்குப் புதுச் சட்டம் போட்டுச்சு. கடையில குடுவையில மீன் வைக்காத, அந்த ரகம் விக்காதன்னு. அன்னிக்கு மொத்தம், சில்லறை எல்லாரும் சேர்ந்துதேன் பயந்தோம். பெறகு வாபஸ் வாங்குனாங்க." கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார். "மீனை ஆன்லைன்ல வாங்குங்க, பரவால்ல. உசிருள்ள சரக்கு, எப்பிடியும் ஒருநாளு கடைக்கு வந்துதேன் ஆகணும். ஆனா தீனியும் மோட்டாரும் அங்க வாங்குறாய்ங்க பாருங்க, அங்கதேன் அடி. எங்களுக்குச் சோறு போடுறது மீன் இல்ல தம்பி, அதுகதேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மோட்டார், தீனி, கல், பிளாஸ்டிக் செடி எல்லாம் போன வாரமே கூரியரில் வந்தாயிற்று.

அவர் எழுந்து, ஒரு பழைய தொட்டிக்குள் கையை விட்டார். ஃபில்டரில் இருந்து, சகதி படிந்த ஸ்பாஞ்சை எடுத்து ஒரு துண்டு வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரோடே பையில் போட்டுக் கட்டினார்.

"மருந்து வேணாம். இதை ஒங்க மோட்டார்ல மாட்டுங்க. குழாய்த் தண்ணில மட்டும் கழுவிறாதீங்க. இந்த அழுக்குல இருக்கிற கிருமிதேன் அமோனியாவத் திங்கும். புதுத் தொட்டியில இது தானா வளர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் மீனு தாங்காது."

"எவ்வளவுண்ணே?"

"அழுக்குக்கு என்ன வெலை தம்பி?"

எந்தக் கூரியரிலும் இது வராது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆறு மீன் பிழைத்தது. பத்து நாள் கழித்து அதில் ஒன்று குட்டி போட, அக்கா மகள் ஒரு குட்டிக்கு மறுபடி என் பேரை வைத்திருக்கிறாள். மீனுக்கு இமை கிடையாது, தெரியுமோ? ராத்திரி லைட்டை அணைக்கும்போதும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது.

இப்போதெல்லாம் தீனி டப்பா அண்ணன் கடையில்தான் வாங்குகிறேன். போட்டிருக்கிற விலைக்கு. பேரம் பேசாமல்.

போன வாரம் வேறொரு தம்பி அதே கடையில் நின்றுகொண்டு, கப்பி விலை கேட்டுவிட்டு, லேசாகச் சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்தான். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

ஒன்றும் பேசாமல், ஃபேனைக் கொஞ்சம் அவன் பக்கமாகத் திருப்பிவிட்டார்.