அட்டையில சீட்டு தீர்ந்துடும்... கேம்ல எப்போ தீரும்? - ஒரு மாமாவின் பரிசுப் பெட்டிக் கணக்கு!

பொங்கல் லீவுக்கு அபிஷேகப்பாக்கம் போயிருந்தேன். அக்கா வீடு. மாட்டுப் பொங்கல் மத்தியானம், சாப்பிட்டு முடித்து எல்லோரும் திண்ணையில் சாய்ந்திருந்த நேரம். பத்தாவது படிக்கும் அக்கா பையன் போனோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, ஒரு நூறு ரூபா ஜிபே பண்ணு மாமா."

"எதுக்குடா?"

"ஒரு கிரேட் வந்திருக்கு. இன்னைக்கு நைட்டோட போயிடும்."

கேம் ஆடுறவங்களுக்கு கிரேட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு... அது ஒரு பெட்டி. காசு கட்டித் திறக்கணும். உள்ளே துப்பாக்கிக்குப் புது பெயின்ட் இருக்கலாம், செமயான ஒரு டிரஸ் இருக்கலாம், எதுக்கும் உதவாத ஸ்டிக்கரும் இருக்கலாம். திறக்கும் வரை தெரியாது.

பொங்கல் காசுதானே என்று அனுப்பினேன். திறந்தான். அவனிடம் ஏற்கெனவே இருந்த அதே பச்சைச் சட்டை. "ச்சே" என்றான். அடுத்த நிமிஷமே, "இன்னொரு நூறு மாமா. இந்த வாட்டி கண்டிப்பா வரும்!"

இந்த வசனம் எனக்கு ரொம்பப் பழக்கம். அவனைவிடச் சின்ன வயசில், பெட்டிக்கடை வாசலில் நின்று நானே பலமுறை சொன்னது.

பெட்டிக்கடையில் தொங்கிய கிரேட்

90-கள், 2000-களில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பரிசு அட்டை ஞாபகம் இருக்கும். மேலே பிளாஸ்டிக் வாட்ச், தண்ணீர் துப்பாக்கி, பந்து எல்லாம் கட்டித் தொங்கும். கீழே வரிசையாகக் குட்டிக் குட்டிச் சீட்டுகள். ஒரு ரூபாய் கொடுத்துவிட்டு ஒரு சீட்டைக் கிழிக்கணும். நம்பர் இருந்தால் பரிசு. இல்லையென்றால் ஒரு மிட்டாய், அல்லது அதுவும் இல்லை. பெரிய பரிசுச் சீட்டைக் கடைக்கார அண்ணன் முன்னாடியே பிய்த்து ஒளித்துவைத்திருக்கிறார் என்று எங்களுக்குள் ஒரு வதந்தி எப்போதும் ஓடும்.

ஆக, இன்றைய கேம் கம்பெனிகள் ஒன்றும் புதுசாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால், ஒரு வித்தியாசம் இருக்கு. அதைக் கணக்காகப் பார்த்தால்தான் புரியும்.

அட்டையில் 100 சீட்டு, அதில் ஒன்றில் வாட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணயமான கடை என்றால், ஒவ்வொரு சீட்டு கிழியும்போதும் வாட்ச் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. 99 சீட்டு கிழிந்திருந்தால், நூறாவது சீட்டில் வாட்ச் இருந்தே தீரும். "இந்த வாட்டி கண்டிப்பா வரும்" என்று அங்கே ஒருத்தன் சொன்னால், அதில் கொஞ்சமாவது அர்த்தம் இருக்கு.

கேம் பெட்டி அப்படியில்லை. 'ஒரு சதவிகித வாய்ப்பு' என்று போட்டிருந்தால், ஒவ்வொரு முறையும் புதுசாக அதே ஒரு சதவிகிதம்தான். 50 முறை தோற்றது 51-வது முறைக்கு எந்த உதவியும் செய்யாது. 100 பேர் ஆளுக்கு 100 பெட்டி திறந்தால், அதில் சுமார் 37 பேருக்கு அந்தப் பரிசு ஒருமுறைகூட வந்திருக்காது. அட்டையில் சீட்டு குறையும். பெட்டியில் குறையவே குறையாது.

சில கேம்களில் 'இத்தனை பெட்டிக்குள் கண்டிப்பாக வரும்' என்று ஒரு உத்தரவாதம் இருக்கும். அது நியாயமாகத் தெரியும். ஆனால், அந்த 'இத்தனை'யை ஒரு பெட்டியின் விலையால் பெருக்கிப் பாருங்கள். அந்த டிரஸ்ஸோட உண்மையான விலை அதுதான். அந்தத் தொகையை முதல் நாளே மொத்தமாகக் கேட்டிருந்தால் யாரும் கொடுத்திருக்க மாட்டோம். நூறு நூறாகக் கேட்பதால் கொடுக்கிறோம்.

மரியோ கொடுத்த சம்பளம்

அந்தக் காலத்து கேம்கள் எல்லாம் புனிதம் என்று நான் சொல்லப் போவதில்லை. டிவி கேம் கேசட் மேலே '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே போனால் அதே ஏழெட்டு கேம்தான் பேர் மாறி மாறி வரும். வெளிநாட்டு ஆர்கேடு மெஷின்களோ காயின் போட்டால்தான் ஓடும். பிளேயர் சீக்கிரம் சாகணும், அடுத்த காயின் விழணும். கேமை அவ்வளவு கஷ்டமாக வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனாலும், பரிசு வந்த விதம் வேறு. 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'ல 100 காயின் சேர்த்தால் ஒரு லைஃப். அதில் அதிர்ஷ்டமே கிடையாது. சேர்த்தியா, வாங்கிக்கோ. நோக்கியா போனில் பாம்பு வளர்ந்தால், அது உங்கள் கட்டைவிரலோட திறமை. கான்ட்ராவில் கடைசி பாஸை அடித்தால் கேம் முடிஞ்சிடும். முடிஞ்ச பிறகு போனை வைத்துவிட்டோ டிவியை அணைத்துவிட்டோ வெளியே போய் நாலு பேரிடம் பெருமை பேசலாம்.

கான்ட்ராவில் 30 லைஃப் தரும் சீட் கோடு நினைவிருக்கா? மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது... அதற்கு ஒரு கதை உண்டு. 1986-ல் 'கிரேடியஸ்' கேமை வீட்டு வீடியோ கேமுக்கு மாற்றிக்கொண்டிருந்த கோனாமி கம்பெனியின் கசுஹிசா ஹஷிமோட்டோவுக்கு, அந்த கேம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. டெஸ்ட் பண்ணுவதற்காகத் தனக்கென்று ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். அதுதான் உலகம் முழுக்கப் பரவியது. அன்று அது காதோடு காதாகச் சொல்லும் ரகசியம். இன்று அதே மாதிரி குறுக்குவழிகள் பல கேம்களில் விலைப்பட்டியலாகத் தொங்குகின்றன.

புறா சொன்ன ரகசியம்

அதிர்ஷ்டம் ஏன் இப்படி இழுக்குது? அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் புறாக்களை வைத்து இதை ஆராய்ந்தார். சார்லஸ் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து 1957-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். எத்தனை கொத்துக்கு ஒருமுறை தானியம் விழும் என்று நிச்சயமாகத் தெரியாதபோதுதான் புறாக்கள் வேகமாக, விடாமல் கொத்தின.

90-களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் இன்னொன்றைப் பார்த்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால், மூளையில் டோபமின் செல்கள் துடித்தன. பழகிய பிறகு சாறு கிடைக்கும்போது துடிக்கவில்லை. சாறு வரப்போகுது என்ற சிக்னலுக்கே துடித்தன. கிரேட் திறக்கும்போது வரும் அந்த வெளிச்சம், அந்த மியூசிக் எல்லாம் எதுக்கு என்று இப்போ புரியுதா? பரிசைவிட, 'வரப்போகுது' என்கிற அந்த ரெண்டு செகண்டுதான் உண்மையான சரக்கு.

தினமும் லாகின் பண்ணினால் போனஸ், ஏழாவது நாள் பெரிய பரிசு, ஒருநாள் விட்டால் போச்சு, சீசன் முடிந்தால் எல்லாம் முதலிலிருந்து... இவையெல்லாம் அதே குடும்பம்தான். பழைய கேம் முடியும். இப்போ சீசன்தான் முடியுது, கேம் முடிவதே இல்லை.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம்

எங்க ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. தவளக்குப்பத்திலிருந்து அபிஷேகப்பாக்கம் வழியாக வந்தால், நரசிம்மர் கோயில் இருக்கும் சிங்கிரிகுடி. அது தமிழ்நாடு, கடலூர் மாவட்டம். நாங்கள் புதுச்சேரி. கோயிலுக்கு நடந்தே போகலாம். ஆனால், சட்டம் மாறிடும்.

சில ஆப்களின் பரிசு ஆஃபர் நிபந்தனைகளைக் கடைசி வரை படித்தால், 'தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்குப் பொருந்தாது' என்று ஒரு வரி இருக்கும். காரணம், 1979-ல் வந்த தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். 2003-ல் லாட்டரியையும் தமிழ்நாடு ஒழித்தது. 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் போட்டது. 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை லாகின் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அந்த விதிகள் செல்லும் என்று அதே வருஷம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இதெல்லாம் தமிழ்நாட்டுச் சட்டம். கோயிலுக்கு அந்தப் பக்கம்தான்.

பிறகு, மொத்த நாட்டுக்குமாக ஒரு சட்டம் வந்தது. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் கேமிங் சட்டம். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் கேம்களை நடத்தினால் 3 வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இ-ஸ்போர்ட்ஸுக்கும், பந்தயம் இல்லாத சோஷியல் கேம்களுக்கும் அந்தச் சட்டம் ஆதரவாகவே இருக்கிறது.

நம்ம கிரேட் இதில் எங்கே வருது? பணம் கட்டுறோம். அதிர்ஷ்டம்தான் தீர்மானிக்குது. ஆனால், ஜெயித்தால் பணம் வராது, பச்சைச் சட்டை வரும். சட்டத்தின் முக்கியக் குறி, பணம் திரும்பி வரும் கேம்கள்தான். ரம்மியில் தோற்பவனுக்கு, ஜெயித்திருந்தால் கையில் காசு வந்திருக்கும். கிரேட்டில் ஜெயிப்பவனுக்கே காசு வராது. ஆனால், 'காசு திரும்பி வராது, அதனால இது சூதாட்டம் இல்லை' என்று வாதம் போகும். விசித்திரமா இல்லை?

வெளியே பல நாடுகள் இதைத் தனியாகவே பார்த்திருக்கின்றன. தனித்தனிப் பொருள்களைச் சேர்த்து ஒரு செட் முடித்தால் பரிசு என்ற வகையை ஜப்பான் 2012-லேயே தடுத்தது. எந்தப் பரிசுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று வெளியே சொல்லணும் என்ற சீனாவின் உத்தரவு 2017-ல் நடைமுறைக்கு வந்தது. 2018-ல் பெல்ஜியம், காசு கட்டித் திறக்கும் பெட்டி சூதாட்டம்தான் என்றே சொல்லிவிட்டது. இங்கேயும் குறைந்தபட்சம் இரண்டு கேட்கலாம். வாய்ப்பு எவ்வளவு என்பதைத் தமிழிலும், பெட்டிக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடட்டும். 18 வயசுக்குக் கீழே இருப்பவர்களிடம் அதிர்ஷ்டத்தைக் காசுக்கு விற்காமல் இருக்கட்டும்.

ஞாபகம் எதுல இருக்கு?

திண்ணைக்கு வருவோம். இன்னொரு நூறு அனுப்பவில்லை. பதிலாக ஒரு கேள்வி கேட்டேன். "இதுவரைக்கும் கேம்ல உனக்கு மறக்கவே முடியாத விஷயம் என்னடா?"

யோசிக்கவே இல்லை அவன். "போன தீபாவளிக்கு நாங்க நாலு பேரும் மொட்டை மாடியில ஆடுனோம்ல மாமா... லாஸ்ட் சர்க்கிள். எனக்கு பேட்டரி 3 பர்சென்ட். கீழ இருந்து சார்ஜரைத் தூக்கிப் போட்டான். ஜெயிச்சுட்டோம்!"

கவனிச்சீங்களா? அதில் எந்த டிரஸ்ஸும் இல்லை, கிரேட்டும் இல்லை.

உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைலைத் தடை செய்தபோது, ஸ்கிரீன்ஷாட் போட்டு அழுத தலைமுறை நாம. அக்டோபர் 30-ல் சர்வரும் நின்றது. அடுத்த வருஷம் பி.ஜி.எம்.ஐ-யாகத் திரும்பி வந்தது. 2022 ஜூலையில் ஸ்டோரிலிருந்து காணாமல் போனது, 2023 மே மாதம் மறுபடி வந்தது. காசு கொடுத்து வாங்கிய எல்லாம் ஒரு ராத்திரியில் நம்ம கையை விட்டுப் போகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால், லாக்டௌனில் நடுராத்திரி மைக்கில் "டேய் கவர் கொடுடா" என்று கத்தி அம்மாவிடம் வாங்கிய திட்டு? அது எந்தத் தடையிலும் போகவில்லை.

அதனால், கேமை விட்டுடுங்க என்று நான் சொல்லவில்லை. காசு கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி மட்டும். என்ன கிடைக்கும் என்று தெரிந்து வாங்குறேனா, தெரியாமலா? வேணும் என்று நினைத்தது வராவிட்டால் எவ்வளவில் நிறுத்துவேன்? கடிகாரம் ஓடுவதால் வாங்குறேனா, எனக்குப் பிடித்ததால் வாங்குறேனா? வீட்டில் தம்பி தங்கை கையில் அம்மா போன் இருந்தால், பிளே ஸ்டோர் செட்டிங்கில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள். ரெண்டு நிமிஷ வேலை.

அக்கா போனில் பர்ச்சேஸ் ஹிஸ்டரியைத் திறந்து, "நீயே கூட்டிச் சொல்லு" என்று அவனிடம் கொடுத்தேன். எல்லாம் எழுபது, எண்பது, நூறு. கால்குலேட்டரில் தட்டிக்கொண்டே போனவன் பாதியில் நிறுத்தி, உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவன் அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். மறுபடி தட்டினான். மொத்தம் 4,300 ரூபாய். அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்து சம்பாதித்த காசு. "அம்மாகிட்ட சொல்லாத மாமா" என்றான். "நீயே சொல்லு" என்றேன். சாயந்திரம் சொன்னான். திட்டு விழுந்தது.

ராத்திரி 12 மணிக்கு அந்த கிரேட் போய்விட்டது.

காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது போனைக் காட்டிச் சிரித்தான். புது கிரேட் வந்திருந்தது. "மாமா, இதுவும் இன்னைக்கு நைட்டோட போயிடுமாம்!"