ஒரு கேரட்தானே என்று நீட்டாதீங்க!

இங்கிலாந்தின் தெற்கே, சவுத்தாம்ப்டன் நகரத்துக்குப் பக்கத்தில் 'நியூ ஃபாரஸ்ட்' என்று ஒரு காடு இருக்கிறது. பேர்தான் புதுக்காடு. 1079-இல் முதலாம் வில்லியம் மன்னர் தன் வேட்டைக்காக ஒதுக்கிய இடம் அது! 2005-இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே சுமார் 5,000 மட்டக்குதிரைகள் கயிறு, கடிவாளம் எதுவும் இல்லாமல் திரிகின்றன. நடுரோட்டில் நிற்கும், கடை வாசலுக்கும் வரும். சுற்றுலா வருகிறவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? காரை ஓரங்கட்டி ஒரு கேரட், கூடவே ஒரு போட்டோ!

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? மூன்று தப்பு இருக்கிறது.

முதலாவது, அவை காட்டுக் குதிரைகளே இல்லை. ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. 'காமனர்' எனப்படும் உள்ளூர்க்காரர்களுக்கு, அவர்களுடைய வீடு, நிலத்தோடு சேர்ந்தே மேய்ச்சல் உரிமையும் வருகிறது. வருடாவருடம் கட்டணம் கட்டித்தான் குதிரையை மேய விடுகிறார்கள். அதற்கு ரசீது எங்கே தெரியுமா? குதிரையின் வாலில்! 'அஜிஸ்டர்' என்ற அலுவலர் வால்முடியைத் தன் பகுதிக்குரிய மாதிரியில் வெட்டி விடுவார்.

இரண்டாவது, வயிறு. புல்லும் புதரும் மேய்ந்து பழகிய வயிறு அது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஒத்துக்கொள்ளாததைத் தின்றால் வரும் வயிற்றுவலி உயிரையே எடுத்துவிடும்.

மூன்றாவது, பழக்கம். ஒருவர் கொடுத்தால் அடுத்தவரிடமும் எதிர்பார்க்கும். தீனிக்காக ரோட்டோரமே கதி என்று நிற்கும். வருடந்தோறும் பல விலங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. கேட்டது கிடைக்காவிட்டால் கடிக்கும், உதைக்கும். அப்படி முரடாகிப் போன குதிரையைச் சொந்தக்காரர் காட்டை விட்டே கூட்டிப்போக வேண்டியதுதான்.

ஆக, சந்தோஷம் வந்தவருக்கு, செலவு சொந்தக்காரருக்கு, தண்டனை குதிரைக்கு! லாபத்தைத் தன் கணக்கிலும் நட்டத்தை அடுத்தவர் கணக்கிலும் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

சொல்லிச் சொல்லிப் பார்த்தும் கேட்காததால், தீனி போடவும் தொட்டுத் தடவவும் 2023 ஜூலை 1 முதல் தடை விதித்தது அங்குள்ள மாவட்ட மன்றம். மீறினால் 100 பவுண்டு அபராதம். "தடவக்கூடக் கூடாதா, இது ரொம்ப ஓவர்" என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் தடவல்தான் முதல் படி. மனிதரிடம் பயம் விட்டுப் போவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருவர் தடவினால் பரவாயில்லை. லட்சக்கணக்கில் வருகிறவர்கள் எல்லோரும் தடவினால்?

செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். தள்ளி நின்று பாருங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போகாதீர்கள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். வேலியில்லாத ரோடுகளில் மணிக்கு 40 மைல்தான் வரம்பு, இருட்டினால் அதையும் குறையுங்கள். போட்டோவா? தாராளமாக எடுங்கள், கேரட் இல்லாமல்.

சவுத்தாம்ப்டனுக்குப் படிக்கப் போகும் நண்பர் யாராவது இருந்தால், இதையும் சொல்லி அனுப்புங்கள்!